உன் கடையில் வாங்கலாமா?

நீ என் மகனாக இல்லாமல் வேறு யாருடைய பிள்ளையாகவோ இருந்து, இதே இணையதளத்தில் இதே கடையை நடத்திக்கொண்டிருந்தால், நான் உன்னிடம் ஒரு பழைய லேப்டாப் வாங்குவேனா? ஒரு மாதமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியவில்லை. வேதியியலில் முதுகலை படித்து, இருபத்திரண்டு வருடங்களாகச் சரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சோதித்துச் சொல்வதற்காகவே சம்பளம் வாங்குகிறவள் நான். ஊரில் எந்தக் கடைக்காரர் கொண்டுவந்தாலும் கால் மணி நேரத்தில் அசலா போலியா என்று சொல்லிவிடுவேன். சொந்தப் பிள்ளையின் கடை எப்படிப்பட்டது என்று கேட்டால் மட்டும் விழிக்கிறேன். இதை உன் அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளைக் காலை பத்து மணிக்குச் சரளா உன் கடையின் எண்ணுக்குத் தொலைபேசி செய்யப் போகிறாள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்பே இந்தக் கடிதத்தை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நாளை நீ என்ன சொல்கிறாய் என்று தெரிந்தபிறகு எழுதினால் அது தீர்ப்பு எழுதுவதைப் போல ஆகிவிடும். தீர்ப்பு சொல்ல எனக்கு விருப்பமில்லை. நேரில் சொல்லலாம்தான், ஆனால் நாம் இருவரும் நேரில் பேசத் தொடங்கினால் மூன்றாவது வாக்கியத்தில் நீ செல்போனைப் பார்ப்பாய், நான் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

எங்கள் சோதனைக்கூடத்தில் உதவியாளராக இருக்கும் சரளாவை உனக்கு நன்றாகத் தெரியும். பள்ளி விட்டதும் நேராக அங்கே வந்து நீ வீட்டுப்பாடம் எழுதிய நாட்களில், தன் டிபன் பாக்ஸில் பாதியை உனக்காக எடுத்து வைத்தவள். போன மாதம் ஒருநாள் அவள் மகள் பவித்ராவின் பேச்சை எடுத்தாள். பவித்ரா இந்த வருடம்தான் பி.சி.ஏ. சேர்ந்திருக்கிறாள்.

"காலேஜ்ல லேப்டாப் எங்க, லேப்டாப் எங்கன்னு கேட்டுக்கினே இருக்காங்களாம் மேடம். புதுசு வாங்கற அளவுக்கு நம்மால ஆவாது. தம்பி கடைல வாங்கலாமா?"

"தெரியாது சரளா."

"இன்னா மேடம் இது? உங்க புள்ள கடை, உங்களுக்குத் தெரியாதா?"

"பிள்ளையைத் தெரியும். கடையைத் தெரியாது."

சரளா இதை ஒரு வேடிக்கையாக நினைத்து உனக்கு போன் செய்தபோது சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே நீ கூப்பிட்டாய். "ஊர் பேர் தெரியாதவங்கள்லாம் நம்பி வாங்கறாங்கம்மா. நீ தெரியாதுன்னு சொன்னியாமே?" என்றாய். தெரியாததைத் தெரியாதென்றுதானே சொல்ல வேண்டும் என்று நான் சொன்னேன். "சரிம்மா. லேப் ரிப்போர்ட் வந்ததும் சொல்லு," என்று வைத்துவிட்டாய். அதிலிருந்து அப்பாவுக்கு மட்டும்தான் போன் வருகிறது. அவர் பேசி முடித்ததும் "உங்கிட்ட குடுக்கட்டுமான்னு கேட்டேன், பார்சல் ஆள் வந்துட்டானாம்" என்பார். ஒரு மாதமாக எந்நேரமும் உன் வாசலில் பார்சல் ஆள் நின்றுகொண்டே இருக்கிறான்.

நான் சொன்னது உன்னைச் சுட்டிருக்கும். உண்மையிலேயே எனக்கு ஏன் தெரியவில்லை என்பதை இன்று சொல்லிவிடுகிறேன். செல்போன் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, பூந்தமல்லியில் ஒரு மாடி அறையை எடுத்து, கம்பெனிகள் கழிக்கிற லேப்டாப்களை மொத்தமாக வாங்கிச் சரிசெய்து விற்கப்போகிறேன் என்று நீ சொன்னபோது நான் தடுக்கவில்லை. உன் இணையதளத்தை நீ காட்டாமலே திறந்து பார்த்தேன். மேலே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த விலை இன்னும் இரண்டு மணி நேரத்துக்குத்தான் என்று சொன்னது. பக்கத்தை மூடித் திறந்தேன். மறுபடியும் இரண்டு மணி நேரம். மறுநாள் திறந்தேன். அதே இரண்டு மணி நேரம். உன்னைக் கேட்டபோது, "அது டெம்ப்ளேட்லயே வர்றதும்மா, எல்லாரும் வெச்சிருக்காங்க," என்றாய். எழுபது சதவீதத் தள்ளுபடி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாய். அடித்துவிட்டுப் போட்டிருந்த பழைய விலை, அந்த லேப்டாப் புதிதாக வந்தபோது இருந்த விலை. ஐந்து வருடம் உழைத்த இயந்திரத்துக்கு அந்த விலையை யாரும் கேட்கமாட்டார்கள் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதல் தடவையாக லேப்டாப் வாங்குகிற வீட்டுக்குத் தெரியாது. கீழே வாடிக்கையாளர் கருத்துகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம். அதில் ஒன்று உன் சித்தி மகன் எழுதியது. அவனுக்கு லேப்டாப்பை எந்தப் பக்கமாகத் திறப்பது என்று தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். முகவரி இல்லையே என்று கேட்டேன். இரண்டு நாளில் போட்டாய். தொலைபேசி எண்ணைப் போட்டாய், அதில் ஒரு மனிதன் எடுத்துப் பேசினான், அந்த மனிதன் நீதான். பொருள் கைக்கு வந்தபிறகு பணம் தரலாம் என்று வைத்திருக்கிறாய். ஏமாற்ற நினைக்கிறவன் இந்த வேலையெல்லாம் செய்யமாட்டான் என்று ஒரு மனம் சொல்கிறது. இன்னொரு மனம், நம் ஊர்க் கோயில் வாசலில் யாத்திரை வந்தவர்களை ஆட்டோவில் ஏற்றிக்கொள்கிறவர்களை நினைத்துப் பார்க்கிறது. "கடைக்குப் போனீங்கன்னா டபுள் ரேட்டும்மா, நெய்யறவங்க வீட்லயே பாதி விலைக்கு வாங்கித் தரேன்," என்று அழைத்துப் போவார்கள். அங்கே நிஜமாகவே ஒரு தறி இருக்கும். தறியில் நிஜமாகவே ஒருவர் நெய்துகொண்டிருப்பார். பக்கத்து அறையில் அடுக்கி வைத்திருக்கும் புடவைகள் மட்டும் அந்தத் தறியில் நெய்தவையாக இருக்காது. அந்த வீட்டுக்கும் முகவரி உண்டு. அங்கேயும் ஒரு மனிதன் எடுத்துப் பேசுவான்.

உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு சரிகை வியாபாரி ஒரு கண்டு நூலைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்போது இயந்திரம் வரவில்லை. அமிலத்தில் கரைத்துத்தான் வெள்ளியைக் கணக்கிடுவோம். ஒருமுறைக்கு இரண்டுமுறை செய்தேன். வெள்ளி சரியாக இருந்தது, தங்க முலாம் சரியாக இருந்தது, உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருந்தது. அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். அவர் அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கடையில் மாட்டி, ஒரு வருடம் அதைக் காட்டியே சரிகை விற்றிருக்கிறார். பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு நெசவாளி மூன்று புடவைகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். மூன்றும் திரும்பி வந்தவை. சரிகை கறுத்துப் போயிருந்தது. "கையெழுத்து உங்களதுதானம்மா?" என்று கேட்டார். சண்டை போடவில்லை. அப்படி அமைதியாகக் கேட்டதுதான் தாங்க முடியவில்லை. என் அறிக்கையில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. 'கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டும்' என்று கீழே சின்ன எழுத்தில் அச்சடித்தும் இருந்தது. மாதிரியை எடுத்துக் கொடுத்தவர் விற்கிறவர். கண்டின் மேல்சுற்று அசல், உள்சுற்று வேறு. சோதனையைச் சரியாகச் செய்தேன். எதைச் சோதிக்கிறேன் என்பதை அவரைத் தீர்மானிக்க விட்டுவிட்டேன். அந்த நெசவாளிக்கு நான் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்க அலுவலகத்தில் வழியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றிலிருந்து யார் என்ன கொண்டுவந்தாலும், நூலை நானே நடுவிலிருந்துதான் எடுக்கிறேன். "நம்பிக்கை இல்லியா மேடம்?" என்று கேட்பவர்களுக்கு இல்லை என்றே சொல்லிவிடுவேன்.

உன் பக்கத்தில் நான் பார்த்த ஐந்து நட்சத்திரங்களும், பளபளக்கும் படங்களும் நீ எடுத்துக் கொடுத்த மேல்சுற்று. அதை வைத்துக்கொண்டு நான் சரளாவுக்கு எதைச் சொல்வது? அவளுக்கு நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் நாத்தனார் வாங்குவாள், நாத்தனாரின் தெருவே வாங்கும். இந்த ஊரில் என் கையெழுத்துக்கு இருக்கிற மதிப்பு என் படிப்பால் மட்டும் வந்ததில்லை. அந்த மூன்று புடவைகளுக்குப் பிறகு நான் பயந்து பயந்து நடந்துகொண்டதால் வந்தது.

இதோடு சேர்த்து இன்னொன்றும். உனக்குப் பதினைந்து வயதில் உன் சைக்கிளை எதிர்வீட்டுப் பையனுக்கு விற்றாய். அவன் அப்பா பார்த்துவிட்டு விலையைச் சொல்லி, சரி என்று கையை நீட்டினார். நீ, "சார், மேட்டுல ஏறும்போது செயின் கழண்டுக்கும். வாரத்துக்கு ஒருதரம் மாட்டணும்," என்றாய். அவர் உடனே கையை இழுத்துக்கொண்டு விலையைக் குறைத்துவிட்டார். உள்ளே வந்ததும் நான் உன்னைத் திட்டினேன். "அதை உன்னை யாருடா கேட்டாங்க? அவர் பார்த்துத்தானே வாங்கறார்?" என்றேன். அலுவலகத்தில் சரிகையின் வயிற்றைக் கிழித்துப் பார்க்கிறவள், வீட்டில் மகனிடம் வாயை மூடிக்கொண்டு விற்கச் சொன்னேன். அன்று நீ செய்தது சரி, நான் சொன்னது தவறு. இதை ஒப்புக்கொள்ள ஒன்பது வருடமாகியிருக்கிறது. உன் கடையில் பொய்க் கடிகாரம் ஓடுவதைப் பார்த்ததும் எனக்கு உன்மேல் கோபம் வந்தது. பிறகு, இதைப் பையனுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று யோசித்தபோது அந்தக் கோபம் நிலைக்கவில்லை.

ஆகவே, போன வாரம் சரளாவிடம் சொன்னேன்: "நீ வாங்கு. சரியில்லை என்றால் நஷ்டம் என்னுடையது. ஆனால் உன் பெயரில் வாங்காதே, உன் வீட்டுக்காரர் பெயரில் வாங்கு. எங்கள் அலுவலகம் என்று எங்கேயும் காட்டிக்கொள்ளாதே." தெரிந்தவர்கள் என்றால் நீ இருப்பதிலேயே நல்லதைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிடுவாய், அது எனக்கு வேண்டாம். உன் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "பெத்த புள்ளைக்கே கண்ணி வைக்கறியே, உனக்கே நல்லாருக்குதா?" என்று கேட்டார். நல்லாயில்லை என்றுதான் சொன்னேன். "பின்ன?" என்றார். பின்ன ஒன்றுமில்லை, இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி.

நேற்றுப் பெட்டி வந்தது. பவித்ரா அதைத் தூக்கிக்கொண்டு நேரே நம் வீட்டுக்கே வந்துவிட்டாள். கட்டியிருந்த விதத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூலைகளுக்கெல்லாம் தனித்தனியாக மெத்தை வைத்திருந்தாய். திரை சுத்தம், விசைகள் சுத்தம், சார்ஜர் அசல். மூடியின் கீல் பக்கத்தில் ஒரு கீறல் இருந்தது. அதைப் பற்றி ஒரு துண்டுச் சீட்டில் நீயே எழுதி, கீறல் மேல் ஒட்டியும் வைத்திருந்தாய். "பாருங்க ஆன்ட்டி, அண்ணன் கையெழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்குது," என்று பவித்ரா சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் ஏதோ தட்டி, பேட்டரியின் கணக்கை எடுத்துக் காட்டினாள். புதிதாக இருந்தபோது எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு தாங்குகிறது என்று லேப்டாப்பே சொல்லிவிடுமாம். எண்பது சதவீதத்துக்கு மேல் என்று உன் பக்கத்தில் போட்டிருக்கிறாய். இதில் அறுபத்தொன்று.

கீறலை எழுதி ஒட்டியவன் பேட்டரியை ஏன் மறைக்கிறான்? கீறல் கண்ணுக்குத் தெரியும், எப்படியும் கேட்பார்கள், அதனால் சொல்லிவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொள்ளலாம். பேட்டரி கண்ணுக்குத் தெரியாது, யாரும் கேட்கப்போவதில்லை. இப்படி நினைத்தாயா? அல்லது உனக்கே தெரியாதா? நேற்று மாலையிலிருந்து இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்துவிட்டேன். அந்த எண்ணை வைத்துக்கொண்டு உன் மனதைச் சோதிக்க என்னிடம் அமிலம் இல்லை. பவித்ராவின் முகம்தான் விழுந்துவிட்டது. "க்ளாஸ்ல ப்ளக் பாயின்ட் ரெண்டுதான் ஆன்ட்டி இருக்குது. அதுக்கு அடிச்சுப்பாங்க," என்றாள். உன்னைக் கூப்பிட்டுக் கேட்கக் கை போனது. கேட்டால் அம்மா கேட்கிறாள் என்று புதிதாகவே ஒன்றை அனுப்பிவைப்பாய். அதிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே யாரோ ஒரு வாடிக்கையாளராக நாளைக் காலை சரளாவே கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு கடையை எப்படி எடைபோடுவது என்று யாராவது என்னைக் கேட்டால், இத்தனை வருடத்தில் நான் கற்றது கொஞ்சம்தான். விற்கும்போது எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். பொருள் பழுதாகி, வாங்கியவர் திரும்ப வந்து நிற்கிறபோது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். உனக்கும் அதையே சொல்கிறேன். அந்தக் கடிகாரத்தை எடுத்துவிடு. சித்தி மகனின் ஐந்து நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, யாராவது நிஜமாகவே குறை சொல்லி எழுதினால் அதை அப்படியே விட்டுவை. அதற்கு நீ என்ன செய்தாய் என்று கீழே எழுது. எழுபது சதவீதத்துக்குப் பதிலாக, இது ஐந்து வருடம் ஓடியது, இன்னும் மூன்று வருடம் ஓடும், பேட்டரி இவ்வளவுதான் தாங்கும் என்று போடு. விற்பனை குறையும். கொஞ்ச நாளைக்குத்தான் குறையும் என்று நான் நம்புகிறேன். நம்புகிறேன் என்று நான் எழுதுவது அபூர்வம் என்பது உனக்குத் தெரியும்.

நாளை நீ என்ன சொன்னாலும் நீ என் மகன்தான். அதைச் சோதித்துப் பார்க்கும் எண்ணம் எனக்கு என்றும் இருந்ததில்லை. உன் கடை வேறு. கடையை அதன் வேலையை வைத்துத்தான் பார்ப்பேன், அது நன்றாக நடக்க வேண்டும் என்று உன்னைவிட அதிகமாகவே ஆசைப்படுவேன்.

இனி எழுதுவது மறுநாள், திங்கட்கிழமை மதியம்.

பத்து மணிக்குச் சரளா சோதனைக்கூடத்தின் பின்னறையிலிருந்து கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் பக்கத்தில் இருந்தேன். தன் குரலை மாற்றிக்கொண்டு, "சார், உங்க கிட்ட லேப்டாப் வாங்கியிருந்தோம்," என்று ஆரம்பித்துப் பேட்டரியைச் சொன்னாள். "பழைய பேட்டரிதானே மேடம், கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்," என்று நீ சொன்னாய். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். சரளா விடவில்லை. "எம்பதுன்னு போட்டுட்டு அறுபத்தொண்ணு குடுத்திருக்கீங்க. இதுல எது முன்ன, எது பின்ன?" என்றாள். பிறகு, அந்தக் கணக்கைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு வைத்தாய்.

இருபது நிமிடத்தில் நீயே கூப்பிட்டாய். "தப்பு என்மேலதான்க்கா," என்றாய். "அந்த லாட்ல பன்னெண்டு வந்துச்சு. மேல இருந்த மூணை மட்டும் செக் பண்ணேன், மூணும் நல்லா இருந்துச்சு. மிச்சமும் அப்படித்தான் இருக்கும்னு எல்லாத்துக்கும் ஒரே நம்பரைப் போட்டுட்டேன். இப்பதான் மிச்சம் இருக்கறதையெல்லாம் போட்டுப் பார்த்தேன். பாதி ஊத்திக்கிச்சு. எல்லாத்தையும் சைட்லேர்ந்து எடுத்துட்டேன். முன்னாடியே வாங்கின ரெண்டு பேருக்கும் போன் பண்ணணும்."

அக்கா என்று நீ சொன்னதைச் சரளா அப்போதுதான் கவனித்தாள். "யாரு அக்கா?" என்றாள்.

"சாயப்பட்டறைக்கு எதிர்ல பச்சை கேட்டுன்னு அட்ரஸ் போட்டா உங்க வீடுன்னு எனக்குத் தெரியாதாக்கா? ஆர்டர் வந்த அன்னைக்கே தெரியும். நல்ல பீசா பார்த்து மாத்திடலாம்னு எடுத்தும் வெச்சேன். அப்புறம் வேணாம்னு வரிசையில அடுத்து இருந்ததையே அனுப்பிட்டேன். பவித்ராவை லேப்டாப்பைத் திருப்பி அனுப்ப வேணாம்னு சொல்லுங்க, படிப்பு கெடும். புதன்கிழமை நானே வந்து புது பேட்டரி மாத்தித் தரேன்." பிறகு கேட்டாய்: "அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இல்லப்பா. டீ குடிக்கப் போயிருக்காங்க."

நான் டீ குடிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். "சரிக்கா, வந்தா கேட்டேன்னு சொல்லுங்க," என்றாய். நீ சிரிப்பது கேட்டது.

பதினொன்றரைக்கு என் செல்போனில் உன் கடையைத் திறந்து பார்த்தேன். அந்த வகை லேப்டாப் ஒன்றுகூட இல்லை. ஒரு மணிக்குத் திரும்பவும் பார்த்தேன். நான்கு வந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் பேட்டரியின் எண் தனித்தனியாக, ஒன்றுக்கு ஐம்பத்தெட்டு என்றுகூடப் போட்டு, விலையையும் அதற்கேற்பக் குறைத்திருந்தாய்.

சரளா சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். "எங்க நாத்தனார் பையனுக்கும் ஒண்ணு வேணும்னு சொல்லிக்கினு இருக்காங்க மேடம். இப்ப இன்னா சொல்லட்டும்?"

"வாங்கச் சொல்லு," என்றேன். "பெட்டியைப் பிரிக்கறப்ப மட்டும் வீடியோ எடுத்துக்கச் சொல்லு."